எதிரொலிக்கும் அறையில் வசனப் பதிவு: மைக் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, ஷாட்கன் மைக்கே வாடகைக்கு எடுத்தோம். அப்புறமும் ஏன் இவ்ளோ எக்கோ?"

குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது. ஷாட்கன் என்பது நேர் எதிரிலுள்ள ஒலியைக் குறிவைக்கும் நீளக் குழாய் மைக். லொக்கேஷன் சவுண்டுக்கு வந்த புதிதில் நாங்களும் சீனியர்களிடம் இதையேதான் கேட்டோம். பேட்டரி பார்க்காமல் போவது, ஃபேனை நிறுத்த மறப்பது, லெவலை ஏற்றி வைத்துக் குரல் உடைவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அதெல்லாம் தானாகத் திருந்திவிடும். பட்ட பிறகும் காரணம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப நடப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் ஷாட்கன்

வளசரவாக்கத்தில் ஒரு காலி ஃப்ளாட்டில் எடுத்த குறும்படம், எடிட் முடிந்த பிறகு என்னிடம் வந்தது. விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, புதுப் பெயின்ட் அடித்த சுவர், திரைச்சீலைகூட இல்லாத ஜன்னல், ஒரே ஒரு கட்டில். மகளின் வளையலை விற்றுவிட்டதை அப்பா சொல்லும் காட்சி. நடித்தவர் மேடை நாடகத்தில் ஊறிய பெரியவர். "வித்துட்டேம்மா" என்னும் இடத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறார். அந்தக் கணத்தில் குரலின் கூர்மை போய், "ட்டேம்மா" மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அடுத்த ஷாட்டில் மகள் பேசுவதோ வேறு வீட்டில் எடுத்தது என்றே தோன்றும்.

ஷாட்கன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் நடந்தது என்பது விளங்கிவிடும். ஒலியை வாங்கும் பகுதியான கேப்ஸ்யூலுக்கு முன்னால் பக்கவாட்டில் கீறல்கள் உள்ள ஒரு குழாய் இருக்கிறது. நேர் எதிரிலிருந்து வரும் ஒலி குழாய் வழியாக நேராகக் கேப்ஸ்யூலை அடைகிறது. பக்கத்திலிருந்து வருவது வெவ்வேறு கீறல்களில் நுழைந்து, சற்று முன்பின்னாக வந்து சேர்வதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆனால் குழாயின் நீளத்தைவிட நெடிய அலைகளிடம் இந்த வித்தை பலிக்காது. பலரும் பயன்படுத்தும் ஷாட்கனான சென்ஹைசர் 416-இன் மொத்த நீளமே 25 செ.மீ.; குழாய் அதிலும் குறைவு. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ கிட்டத்தட்ட 68 செ.மீ. ஆகவே சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியில் மேல் அலைகள் மட்டும் வெட்டுப்படுகின்றன, கீழ் அலைகளைக் குழாயால் தடுக்க முடிவதில்லை. வெட்டும்கூட எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி இல்லை. நடிகர் தலையைத் திருப்பினாலோ பூம் (மைக்கை மாட்டிப் பிடிக்கும் நீளக் கம்பு) சற்று நகர்ந்தாலோ குரலின் நிறமே மாறிவிடும்.

416 அருமையான மைக். பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு காட்சி எடுக்கச் சொன்னால் நானும் அதைத்தான் கேட்பேன். குரல் பதிவுக் கூடங்களிலும் அது புழங்குகிறது. அதைப் பார்த்துத்தான் பலர் வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறார்கள். பதிவுக் கூடத்தில் சுவர் எதிரொலியைத் தின்றுவிடும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அறைக்குள் பூமில் மாட்ட வேண்டியது குழாய் இல்லாத, சிறிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) கொண்ட சூப்பர்கார்டியாய்ட் அல்லது ஹைப்பர்கார்டியாய்ட், அதாவது முன்பக்க ஒலியை அதிகமாகவும் பக்கவாட்டு ஒலியைக் குறைவாகவும் வாங்கும் மைக். ஷெப்ஸ் எம்கே 41, சென்ஹைசர் எம்கேஹெச் 50 இரண்டும் இந்த வேலைக்குப் பேர்போனவை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஆடியோ டெக்னிகா 4053பி, இன்னும் கீழே ஆக்டவா 012 மைக்கில் ஹைப்பர்கார்டியாய்ட் கேப்ஸ்யூல். இவற்றிலும் எக்கோ வரும். ஆனால் வருகிற எக்கோ குரலின் நிறத்திலேயே வரும், திரிந்து வராது. எடிட்டில் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டும். பூமை வேகமாக வீசினால் காற்றுச் சத்தம் சுலபமாக ஏறும் என்பதால் ஃபோம் உறையும், கம்பின் அதிர்வு மைக்கில் ஏறாமல் தாங்கும் நல்ல ஷாக் மவுன்டும் கட்டாயம்.

அந்தப் படத்தில் கடைசியில் காட்சி முழுவதையும் டப் செய்தார்கள். பெரியவர் வாயசைவுக்குச் சரியாகவே பேசினார். கட்டிலில் உட்கார்ந்து தொண்டை அடைத்தபடி பேசிய அந்தக் குரல் மட்டும் திரும்ப வரவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதுதான்: வாடகைக்கு வந்த அதே பெட்டியில் ஒரு ஹைப்பர்கார்டியாய்டும் இருந்தது. கையளவு சின்ன மைக் என்று யாரும் வெளியே எடுக்கவில்லை. "வசனம்னா ஷாட்கன்தான் தம்பி" என்று சொல்லித்தான் கடையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்.

தூரத்தை மைக் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

12-க்கு 14 அடி அறை, 10 அடி உயரம், காலியாக இருந்து கைதட்டினால் ஒரு நொடி இழுக்கிறது என்று வையுங்கள். அங்கே எல்லாத் திசையும் கேட்கும் மைக்கை வாயிலிருந்து சுமார் 1.3 அடிக்கு அப்பால் கொண்டுபோனால் நேர்க்குரலைவிட எதிரொலி அதிகமாகிவிடும். ஹைப்பர்கார்டியாய்ட் அந்த எல்லையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும், அவ்வளவுதான். எல்லையைத் தொடும் இடமே வசனத்துக்கு மோசம். ஒன்றரை அடிக்குள் பூமைக் கொண்டுவர முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் எந்த விலை மைக்கும் காப்பாற்றாது.

பின்பக்கத்தையும் கவனியுங்கள். ஹைப்பர்கார்டியாய்டுக்கு முதுகிலும் கொஞ்சம் காது உண்டு. சீலிங்கை ஒட்டிப் பிடித்தால் கான்கிரீட்டில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்துக் கேட்கும்.

காலர் மைக்கைக் கேவலமாக நினைப்பது

வைட் ஷாட்டில் பூம் நாலு சாண் தள்ளித்தான் நிற்கும் என்றால், நெஞ்சில் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் காலர் மைக் நேர்க்குரலில் 12 டெசிபெல் முந்திவிடும். எல்லாத் திசையும் கேட்கும் வகைதான் என்றாலும் அந்த நெருக்கம் ஜெயித்துவிடும். தொல்லை துணியில்தான். கஞ்சி போட்ட காட்டன் புடவை மொடமொடக்கும், தாலிக்கொடி தட்டும். காஸ்ட்யூம் பார்ப்பவரிடம் முந்தின நாளே பேசி, மெல்லிய பழைய காட்டன் கேளுங்கள். கொடியை ஜாக்கெட்டின் உட்புறம் டேப் போட்டு நிறுத்துங்கள்.

ஸ்டுடியோ கண்டன்ஸர்

பெரிய டயஃப்ரம், "ரொம்ப சென்சிட்டிவ்" என்று பெருமையாகக் கொண்டுவருவார்கள். அறையையும் அதே அக்கறையோடு பதிவு செய்யும்.

முட்டைத் தட்டு

எக்கோவைக் குறைக்கச் சுவரில் ஒட்டுவார்கள். வேண்டாம். ஃப்ரேமுக்கு வெளியே தரையில் பஞ்சு மெத்தை போடுங்கள்.

"சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்"

ஏசி இரைச்சல் ஒரே சீராக இருப்பதால் ஓரளவு போகும். எக்கோ அந்தக் குரலின் வாலேதான். வாலை அறுக்கும்போது வார்த்தைக் கடைசியும் சேர்ந்து போகும்.

வாங்கும் முன், வாடகைக்கு எடுக்கும் முன்

லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே ஷாட்கன், ஹைப்பர்கார்டியாய்ட் இரண்டு வகை மைக்கையும் எடுத்துப் போங்கள். ஒரே இடத்தில் பிடித்து, ஒருவரை "வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா" என்று பேசிக்கொண்டே தலையைத் திருப்பச் சொல்லுங்கள். மூடிய ஹெட்போனில் உயிரெழுத்துகள் முடியும் இடத்தைக் கேளுங்கள். அதே ஹெட்போனை டைரக்டருக்கும் கேமராமேனுக்கும் மாட்டிவிடுங்கள். பூம் கிட்டே வர, ஃப்ரேமில் தலைக்கு மேல் விட்ட இடத்தில் அரை அடி குறைக்கச் சொன்னால் ஷூட்டிங் அன்று மறுக்கிறவர்கள், இதைக் கேட்ட பிறகு பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.