சுகரும் பிரஷரும் வரும் முன்பே: எங்கிருந்து தொடங்குவது?

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் எதுவும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. பல வருடங்கள் சத்தமில்லாமல் வளர்ந்து, பிறகுதான் தலைகாட்டும். அந்த வருடங்கள்தான் நம் கையில் இருக்கும் அவகாசம்.

அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேர் அதில் பங்கேற்றனர். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோதான். எட்டக்கூடிய தூரம்!

படி 1: முதலில் அளந்துவிடுங்கள்

ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. ஐந்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அது சர்க்கரை நோயின் முன்நிலை. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது.

படி 2: குடிப்பதில் கை வையுங்கள்

சாப்பாட்டை மாற்றுவதைவிட இனிப்புப் பானங்களைக் குறைப்பது சுலபம், அதனால்தான் முதலில் சொல்கிறேன். 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். அவ்வளவு இனிப்பு உள்ளே போயும் வயிறு நிறைவதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடும் குறைவதில்லை. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் மிக நல்லது.

படி 3: தட்டில் பாதி காய்கறி

பாதித் தட்டு காய்கறி, பழம். மீதியில் ஒரு பங்கு முழுத்தானியம், ஒரு பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக. பாக்கெட் உணவில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரேயடியாகக் குறைத்தால் சாப்பாடு சப்பென்று இருக்கும், விட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

படி 4: சாப்பிட்டதும் பத்து நிமிட நடை

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். தசைகள் வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை எகிறுவது மட்டுப்படும். மூன்று வேளையும் நடந்தால் நாளுக்கு 30 நிமிடம். ஐந்து நாளில் 150 முடிந்துவிடும்! அப்புறம் வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேருங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விடுங்கள். தனியாக முடியவில்லை என்றால் மருத்துவரிடம் உதவி கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஏற்கெனவே சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உணவும் நடையும் மாறும்போது பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

படி 5: மூன்று மாதம் கழித்து அதே தாள்

அதே ஐந்து அளவுகளையும் மறுபடி எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த எண் அசையவில்லையோ, அடுத்த மூன்று மாதம் அதற்கான படியில் கூடுதல் கவனம் வையுங்கள்.