ஹெலிகாப்டர் ட்ரோன்: கையில் எடுப்பது முதல் மிதக்க விடுவது வரை

ட்ரோன் என்றதும் நான்கு மூலையிலும் விசிறி சுற்றும் குவாட்காப்டர்தான் பலருக்கும் கண்முன் வரும். அதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு: தலைக்கு மேல் ஒரே பெரிய ரோட்டார், பின்னால் சின்ன வால் ரோட்டார் என்று பறக்கும் ஆளில்லா ஹெலிகாப்டர். போர்க்கப்பலின் தளத்திலிருந்து எழும்புவதும் இதுதான், நெல் வயலுக்கு மருந்து அடிப்பதும் இதுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டே, ஒரு சின்ன மாடலைத் தரையிலிருந்து தூக்கி மிதக்க வைப்பது வரை போவோம். குவாட் ஓட்டிப் பழக்கம் இருந்தால் நல்லது. ஆனால் அதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும்.

படி 1: உங்கள் வேலைக்கு இது தேவையா?

குவாட்காப்டர் தன் நான்கு மோட்டார்களின் வேகத்தை நொடிக்குப் பல முறை கூட்டிக் குறைத்துத்தான் சமநிலையில் நிற்கிறது. விசிறி சின்னதாக இருக்கும்வரை இது நடக்கும். விசிறி பெரிதாகப் பெரிதாக, அதன் வேகத்தைச் சட்டென்று மாற்ற முடியாது. ஹெலிகாப்டர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ரோட்டாரின் வேகம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம்தான் மாறுகிறது. அந்தக் கோணத்துக்குப் பெயர் பிட்ச். இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான்.

ரோட்டாரைப் பெரிதாக்கினால் லாபமும் உண்டு. அதே எடையைத் தூக்க, ரோட்டாரின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், மிதப்பதற்குத் தேவையான சக்தி கணக்குப்படி பாதியாகிவிடும். வேகத்தை அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்பதால் பெட்ரோல் என்ஜினையும் வைத்துக்கொள்ளலாம். அதனால் கனமான சுமை, நீண்ட நேரம் என்று வந்தால் ஹெலிகாப்டர் முன்னால் நிற்கிறது. ஜப்பானில் யமஹா 1997-இல் கொண்டுவந்த ஆர்மேக்ஸ் சுமார் 94 கிலோ எடையுடன் வயல்களுக்கு மருந்து தெளித்தது. 2000-ஆம் ஆண்டு உசு எரிமலை பொங்கியபோது, மனிதர் நெருங்க முடியாத இடத்தைப் படம் எடுக்கவும் போனது. ஆஸ்திரியாவின் ஷீபெல் நிறுவனம் செய்யும் கேம்காப்டர் எஸ்-100, 200 கிலோ வரை எடையோடு எழும்பி, ஆறு மணி நேரம்கூட வானில் இருக்கும். பல கடற்படைகள் அதைக் கண்காணிப்புக்கு வைத்திருக்கின்றன. 2014-இல் மத்தியதரைக் கடலில் தத்தளித்த அகதிப் படகுகளைத் தேடிய மீட்புக் கப்பல் ஒன்றிலும் அதே ரகம்தான் இருந்தது.

உங்கள் வேலை இருபது நிமிடம் மேலே போய்ப் படம் எடுப்பதுதான் என்றால், குவாட்டே போதும். உண்மையாகச் சொல்கிறேன், அதுதான் புத்திசாலித்தனம். இது பராமரிப்பு அதிகம் கேட்கும் எந்திரம். கற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: மோட்டாரைக் கழற்றிவிட்டு, பிட்சைக் கையால் பாருங்கள்

450 என்று அழைக்கப்படும் அளவில் ஒரு மின்சார மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 325 மில்லிமீட்டர் இருக்கும். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றிவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். இப்போது ஸ்டிக்கை எவ்வளவு அசைத்தாலும் ரோட்டார் சுற்றாது.

ரோட்டார் தண்டைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதுதான் ஸ்வாஷ்பிளேட். கலெக்டிவ் ஸ்டிக்கை மெதுவாக ஏற்றுங்கள். மூன்று செர்வோக்களும் (தட்டை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) சேர்ந்து தட்டை மேலே தள்ளும். எல்லாப் பிளேடுகளின் பிட்சும் ஒரே அளவு கூடும். ஹெலிகாப்டர் மேலே போவது இப்படித்தான். அப்புறம் சைக்ளிக் ஸ்டிக்கை முன்னால் தள்ளுங்கள். தட்டு சாயும். இப்போது ஒரு பிளேடின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் போகும்போது பிளேடு நிமிர்வதையும் மறுபக்கம் படிவதையும் விரலே சொல்லும்.

இதில் ஒன்று எல்லோரையும் குழப்பும். முன்னால் சாய வேண்டுமென்றால், பின்பக்கத்தில்தானே பிட்ச் கூட வேண்டும்? அப்படி இல்லை, பக்கவாட்டில் கூடுகிறது. சுற்றும் பொருளை ஓரிடத்தில் தள்ளினால், அதன் விளைவு சுமார் 90 டிகிரி தள்ளித்தான் தெரியும். பம்பரத்தைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிட்ச் கேஜ் ஒன்றை பிளேடில் மாட்டி அளவெடுங்கள். தொடக்கத்துக்குக் கீழே மைனஸ் 2 டிகிரி, மேலே 10 டிகிரி போதும். மிதக்கும்போது பெரும்பாலும் 5, 6 டிகிரியில் நிற்கும். அந்த மைனஸ் ஏன் என்றால், இறங்கிய பிறகு எந்திரம் காற்றில் துள்ளாமல் தரையில் அழுத்தி உட்கார வேண்டும்.

படி 3: வால் கைரோ எந்தப் பக்கம் தள்ளுகிறது?

ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வால் ரோட்டார் அதைப் பிடித்து நிறுத்துகிறது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று, உடல் திரும்புவதை உணரும் கைரோ என்ற சென்சார் சொல்கிறது. மோட்டார் ஒயர் இன்னும் கழன்றே இருக்கட்டும். மூக்கைக் கையால் சட்டென்று இடது பக்கம் திருப்புங்கள். வலது பக்கம் போக ஸ்டிக்கைத் தள்ளினால் வால் பிளேடு எப்படி அசையுமோ, அதே மாதிரி இப்போதும் அசைய வேண்டும்.

நான் என் முதல் மாடலில் இந்த அரை நிமிடச் சோதனையை விட்டுவிட்டேன். கைரோ தலைகீழாக இருந்தது. சறுக்குக்கால் தரையை விட்ட கணத்தில் எந்திரம் பம்பரமாகச் சுற்றிப் படுத்துவிட்டது. இரண்டு பிளேடும் ஒரு தண்டும் போயின.

படி 4: சிமுலேட்டர்

ரியல்ஃபிளைட் மாதிரி ஒரு சிமுலேட்டரில் பல மணி நேரம் செலவழியுங்கள். வால் உங்களைப் பார்த்தபடி மிதப்பது கைவந்த பிறகே, மூக்கு உங்களைப் பார்க்கும் நிலைக்குப் போங்கள். அப்போது இடது வலது தலைகீழாகத் தெரியும். அங்கே நூறு முறை விழுந்தாலும் ஒரு திருகாணிகூட வீணாகாது.

படி 5: முதல் மிதப்பு

இனி விளையாட்டில்லை. பிளேடு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் உள்ள 700 அளவு மாடலின் ரோட்டார் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரை ஒட்டி வரும். 450 சின்னது என்றாலும் அதுவும் காயம் விளைவிக்கும். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பிளேடு போல்ட்டை இறுக்குங்கள், ஆனால் பிளேடு சற்று அசையும் அளவுக்கு விடுங்கள். சுற்றும்போது அது தானே நேராகிக்கொள்ளும். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எந்திரத்தின் சறுக்குக்காலுக்குக் குறுக்கே குச்சிகள் கட்டி, நுனியில் பந்து செருகிய பயிற்சிக் கால் போட்டுவிடுங்கள். ரோட்டார் முழு வேகம் எடுக்கும்வரை கலெக்டிவைத் தொடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். இரண்டு கோடாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, ஸ்வாஷ்பிளேட்டிலிருந்து பிளேடுக்குப் போகும் இணைப்புக் கம்பியைச் சரிசெய்யுங்கள்.

பிறகு மெதுவாக ஏற்றுங்கள். தரைக்கு மிக அருகில் எந்திரம் தன் காற்றிலேயே தடுமாறும், அதனால் தயங்கி நிற்காமல் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். இறங்கும்போது நேர் கீழாக வேகமாக வராதீர்கள். தன் ரோட்டார் கீழே தள்ளிய காற்றுச் சுழலிலேயே மாட்டிக்கொண்டால், கலெக்டிவை ஏற்ற ஏற்ற இன்னும் வேகமாக இறங்கும். சற்று முன்னோக்கி நகர்ந்தபடி இறக்குங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. மோட்டார் நின்றுபோனாலும், பிட்சை உடனே குறைத்தால் கீழிருந்து வரும் காற்று ரோட்டாரைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். தரை நெருங்கியதும் பிட்சை ஏற்றி, ரோட்டாரில் சேர்ந்த அந்தச் சக்தியைச் செலவழித்து மெத்தென்று இறங்கலாம். சாதாரணக் குவாட்டால் இது முடியாது. ஆனால் இப்போதைக்கு இதை சிமுலேட்டரில் மட்டும் முயலுங்கள்.

படி 6: தொடர்பு அறுந்தால்?

ஆர்டுபைலட் மாதிரி ஆட்டோபைலட் பொருத்தினால், சிக்னல் போனதும் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: கிளம்பிய இடத்துக்குத் திரும்பு, அல்லது அங்கேயே இறங்கு. இதைத் தொடக்கக்காரர்கள் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1960-களில் ஓட்டிய கியூஎச்-50 டேஷ் என்ற நீர்மூழ்கி வேட்டை ஹெலிகாப்டர் ட்ரோன் 700-க்கும் மேல் செய்யப்பட்டது. பாதிக்கு மேல் கடலில் போயின. ஒரே ஒரு மின்னணுப் பாகம் கெட்டாலும் அதைத் தாங்க மாற்று இல்லை. அதே கடற்படையின் எம்கியூ-8பி ஃபயர் ஸ்கவுட், 2010 ஆகஸ்ட் 2 அன்று தொடர்பு அறுந்து, திரும்பி வருவதற்குப் பதில் வாஷிங்டனைச் சுற்றிய தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்குள் போய்விட்டது. மென்பொருள் கோளாறு.

செவ்வாயில் 2021 முதல் 72 முறை பறந்த, 1.8 கிலோ எடையுள்ள நாசாவின் இன்ஜென்யூட்டி ஹெலிகாப்டருக்கோ, பறக்கும்போது கட்டளையிட யாருமே இல்லை. பூமியின் சிக்னல் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும் என்பதால், போகும் வழியை முன்பே எழுதி அனுப்பிவிட்டு, மிச்சத்தை அதனிடமே விட்டார்கள்.

பிளேடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். ஆட்டோபைலட் எந்த நிலைக்கு மாறியதாக, கணினித் திரையில் மிஷன் பிளானர் (ஆர்டுபைலட்டைக் கண்காணிக்கும் மென்பொருள்) காட்டுகிறது என்று பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்ததுதானா? இல்லையென்றால் இன்று பறக்க வேண்டாம்.

படி 7: சுமை ஏற்றுவது

கேமராவோ தெளிப்பானோ, எதை மாட்டினாலும் எடையின் மையம் ரோட்டார் தண்டுக்கு நேர் கீழே வர வேண்டும். பிளேடுகளை வாலுக்குக் குறுக்காகத் திருப்பி, தலைப் பகுதியை இரு விரலால் பிடித்துத் தூக்குங்கள்; வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். கயிற்றில் தொங்கவிடும் சுமை வேறு கதை. ஆப்கானிஸ்தானில் 2011 டிசம்பர் முதல் படைமுகாம்களுக்குச் சரக்கு சுமந்த ஆளில்லா கே-மேக்ஸ் ஹெலிகாப்டர்களில் ஒன்று, 2013-இல் சுமை ஊசலாடியதால் விழுந்தது.

நூறு நூறு கிராமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எத்தனை டிகிரி பிட்சில் மிதக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேல் எல்லை 10 டிகிரி. மிதப்பதற்கே 8 டிகிரி ஆகிறதென்றால், காற்று ஒரு முறை கீழே அழுத்தினால் தாங்க மிச்சம் இருப்பது 2 டிகிரிதான். நான் 7-லேயே நிறுத்திவிடுவேன்.