அபராத ரசீதைக் காட்டி அபாயத்தை மூடாதீர்கள்: தோல் பதனிடும் டேனரிக்கு ரிஸ்க் ரிஜிஸ்டர் அமைக்கும் விதம்

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்ட விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதைப் பார்க்கிறேன். இந்த விதிகளையும் அபாயங்களையும் கண்காணிக்கும் சாஃப்ட்வேரைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் டாஷ்போர்டைத்தான் திறந்து பார்க்கிறார்கள். அதை விட்டுவிட்டு ரிஸ்க் ரிஜிஸ்டர் என்ற அபாயப் பதிவேட்டுக்குப் போங்கள்.

அதில் வரும் தயார்ப் பட்டியல் எந்தத் தொழிலுக்கும் பொதுவானது. நம் பட்டியல் தோலை ஊறவைக்கும் குழியில் தொடங்க வேண்டும்: உப்புத் தண்ணீர், குரோம் கழிவு, ஸ்லட்ஜ் எனும் கழிவுச் சேறு, போர்வெல் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் இடம், பொறுப்பாளர், எல்லை அளவு, ஆதாரம் என நான்கு கட்டங்கள் போதும். பொறுப்பாளர் கட்டத்தில் துறையின் பெயரைப் போடாதீர்கள், ஆளின் பெயரைப் போடுங்கள்.

எல்லை அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த கன்சென்ட் (இயங்குவதற்கான அனுமதி) உத்தரவைப் பார்த்து அப்படியே ஏற்றுங்கள். எச்சரிக்கை அந்த அளவுக்கு முன்பே வரட்டும், எண்பது சதவீதத்தில் மஞ்சள் என்று நான் வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கென்றால், உடம்பில் படும் தோல் பொருளில் குரோம் சிக்ஸ் என்ற நச்சு வகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2015 மே முதல் அங்கே சட்டம். அதற்கு ரிஜிஸ்டரில் தனி வரிசை போட்டு, லாட் வாரியாக லேப் ரிப்போர்ட்டை இணையுங்கள்.

தேதி நினைவூட்டல் எளிது. அபாயகரக் கழிவுக்கான ஆண்டு அறிக்கை, படிவம் 4, ஜூன் 30-க்குள் போக வேண்டும். வளாகத்தில் அந்தக் கழிவை 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, அதனால் ஸ்லட்ஜ் குவியும் தேதியிலிருந்தே எண்ணச் சொல்லுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது 'முடிந்தது' என்ற பொத்தானைப் பற்றி. பல சாஃப்ட்வேர்களில் அபராத ரசீதை ஏற்றினாலே அபாயம் பச்சையாகிவிடும். நம் மாவட்டத்தில் அதற்கு இடமே இல்லை. டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில், சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த சேதம் சரியாகும்வரை பொறுப்பு தீராது என்றும் சொல்லிவிட்டது. ஆகவே பணம் கட்டியதற்கு ஒரு கட்டம், சேதம் நீங்கியதற்கு வேறொரு கட்டம் வையுங்கள். இரண்டாவது கட்டத்தை மண் அல்லது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் மூட முடியாதபடி பூட்டுங்கள். பதிவு செய்தவரே மூடவும் கூடாது, இன்னொருவர் ஒப்புதல் கட்டாயம். சிவப்பை யார் எப்போது பச்சையாக்கினார் என்ற தடம் அழியாமல் இருக்கிறதா என்று விற்பனையாளரை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அந்தச் சாஃப்ட்வேர் வேண்டாம்.

சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு என்று இரண்டு தனிப் பெட்டிகளாகவும் பிரிக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், டேனரிக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்தை மனதில் வைத்து, தொட்டி மட்டத்தோடு சுவரின் நிலையையும், அருகே யாரும் தங்குகிறார்களா என்பதையும் ஒரே வரியில் கேட்கிறேன். ஷிஃப்ட் சூப்பர்வைசர் போனிலிருந்தே தமிழில் நிரப்பி, போட்டோவும் போட முடிய வேண்டும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றியது) கட்டாயம். உங்கள் கம்பெனி அதில் வராவிட்டாலும், சரக்கு வாங்குபவர் இதே விவரங்களைக் கேட்கலாம். தண்ணீர், மின்சாரம், கழிவுக் கணக்கை இப்போதே மாதவாரியாக ஏற்றி வையுங்கள்.

இயக்குநர் கூட்டத்துக்கான அறிக்கையில் முதல் பக்கம் மூடாத அபாயங்களுக்கு, எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்ற எண்ணோடு. பச்சையெல்லாம் பின்னிணைப்பில் போகட்டும்.