வலி நின்றுவிட்டது என்று ஆடப் போகாதீர்கள்

கபடி ஆடுகிறவர்களிடம் முட்டியைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ரெய்டில் கால் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிடும். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். எனக்கு இடது முட்டி. ஒரு மணி நேரத்தில் தேங்காய் அளவுக்கு வீங்கியது. அன்று ராத்திரியே சுளுக்கு எடுப்பவரிடம் தூக்கிப் போனார்கள். அவர் சூடான எண்ணெய் விட்டு நீவ, நான் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன.

அது முதல் தவறு. அத்தனை வேகமாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். சூடும் அழுத்தமும் கசிவைக் கூட்டத்தான் செய்யும். எக்ஸ்ரேயில் 'எலும்பு நல்லா இருக்கு' என்றதும் நிம்மதியாக வீடு திரும்புவது அடுத்தது. எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது.

பெரிய தவறு ஆறேழு வாரம் கழித்து நடக்கிறது. வீக்கம் வடிந்திருக்கும், மாடி ஏறலாம், பைக் ஓட்டலாம். "சரியாயிடுச்சுல்ல, பொங்கல் மேட்சுக்கு வந்துடுடா" என்பான் கேப்டன். இப்படிக் கிழியும் முன் சிலுவை ஜவ்வு (ACL) நேராக நடக்க அவ்வளவாகத் தேவைப்படாது, சட்டென்று திரும்பும்போதுதான் வேண்டும். அதனால்தான் தெருவில் ஒழுங்காக இருக்கும் முட்டி ரெய்டில் நழுவுகிறது. ஒவ்வொரு நழுவலிலும் நடுவில் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்கும். ஜவ்வைப் புதிதாக வைத்துத் தைக்கலாம். மெனிஸ்கஸ் நைந்துபோனால் பெரும்பாலும் போனதுதான்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் இதே அவசரம். 9 மாதத்துக்கு முன் களம் இறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். ஆபரேஷன் ஆன காலின் தொடை பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும். முட்டிக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப் வைத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதத்திலும் எனக்கு 3 செ.மீ. குறைவு.

ஊசி போட்டு ஆடுபவர்கள் டென்னிஸ் வீரர் நடாலை உதாரணம் காட்டுவார்கள். 2022 பிரெஞ்சு ஓப்பனில் இடது பாதத்து நரம்பை மரக்கச் செய்து ஆடி ஜெயித்தார், உண்மைதான். ஆனால் இப்படியே தொடர முடியாது என்று அவரே சொல்லிவிட்டு வேறு சிகிச்சைக்குப் போனார். அவர் பக்கத்தில் டாக்டர் இருந்தார். நம் பசங்க மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தை வாங்கி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஆடுகிறார்கள், அடி கிட்னிக்கு. பெயர் தெரியாத ஊசியில் இன்னொரு வம்பு: கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டுக்கொள்வதற்குப் போட்டி நேரத்தில் 2022 முதல் தடை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முட்டிச் சில்லுக்குக் கீழே மாதக்கணக்கில் வலிப்பவர்கள் பயந்து முழு ஓய்வு எடுக்கிறார்கள். அங்கிருக்கும் தசைநார் சும்மா இருந்தால் இன்னும் பலவீனமாகும். பத்துக்கு மூன்று வரை வலித்தால், அதுவும் மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால், செய்த பயிற்சி சரியான அளவு. ஏறியே நின்றால் குறைக்க வேண்டும். எனக்கு இதைச் சொன்ன பிசியோ வலியைக் குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தார். இன்று காலை எழுதியது: எழுந்ததும் 2, மாடிப்படியில் 3.