பொம்மை வியாபாரியின் காவடியை வரையலாம், வாருங்கள்

சீனாவின் தென் சோங் வம்சத்து அரசவை ஓவியர் லி சோங்குக்கு, ஊர் ஊராகப் பொம்மை சுமந்து விற்பவர்மேல் தனிப் பிரியம். 1210, 1211, 1212 என்று வரிசையாக வரைந்திருக்கிறார். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள 1211ஆம் ஆண்டுப் பட்டுச்சுருளின் உயரம் ஒரு சாண்தான். அதற்குள் சட்டி, பொம்மை, தின்பண்டம் என ஒரு கடையே தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே தொடங்குவோம்.

படி 1: படிகாரம் பூசிய சீனத் தாள் வாங்குங்கள். பூசாத தாளில் மை ஊறிப் பரவிவிடும். மெல்லிய தூரிகை ஒன்று, கறுப்பு மை, பென்சில் போதும்.

படி 2: சாதாரணத் தாளில் பென்சிலால் மாதிரி வரையுங்கள். முதலில் தோள்தண்டு, அதன் இரு முனையிலும் மூங்கில் சட்டம். நான் முதல் தடவை பொம்மைகளில் தொடங்கி, தண்டுக்கு இடமில்லாமல் விழித்தேன். லி சோங் இளமையில் தச்சர். அவர் சட்டங்கள் பாரம் தாங்கும் என்று பார்த்தாலே தெரியும்.

படி 3: மாதிரியின் மேல் சீனத் தாளை வைத்தால் கோடுகள் தெரியும். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து மையால் வரையுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மையை அழிக்க முடியாது. ஆகவே முன்னால் இருக்கும் பொருளை முதலில் முடியுங்கள். கிண்ணம் முன்னால், கூடை பின்னால் என்றால், கூடையின் கோடு கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். நூறு பொருள் குவிந்தாலும் குழம்பாமல் இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

படி 4: இனி ஆட்கள். ஆடை மடிப்புக்குச் சீனர்கள் ‘ஆணித்தலை, எலிவால்’ என்று ஒரு கோட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அழுத்தித் தொடங்கி, இழுத்தபடியே மெலியவிடுங்கள். வியாபாரி கையில் நம் குடுகுடுப்பைக்கு உறவான கைப்பிடி மேளம். குழந்தைகளின் பார்வை முழுவதும் சரக்கின் மேல்.

படி 5: வண்ணம் மிக லேசாக. பழையது போலத் தெரியச் சிலர் டீத்தண்ணீர் பூசுகிறார்கள், எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பழுப்பு, பட்டுக்கு வயதானதால் வந்தது.

தைவானின் தைபேயில் உள்ள 1210ஆம் ஆண்டு ஓவியத்தில், வரைந்திருக்கும் மரத்தின் அடிமரத்தில் ‘ஐந்நூறு பொருள்கள்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நீங்களும் எண்ணி எழுதுங்கள். என் காவடியில் முப்பத்தேழு.