அறக்கட்டளைக் கணக்கு: பதிவுக்கு ஒருவர், ஒப்புதலுக்கு மற்றொருவர்

அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு இணைய வசதி கேட்கும்போது, ஒருவர் பணப்பரிமாற்றத்தைப் பதிவு செய்யவும் மற்றொருவர் ஒப்புதல் அளிக்கவும் தனித்தனிப் பயனர் பெயர் தரும் நிறுவன நெட் பேங்கிங்கையே, அறங்காவலர் கூட்டத் தீர்மான நகலுடன் விண்ணப்பித்துப் பெறுங்கள். கணக்கு எழுதுபவருக்குப் பார்வையிடும் உரிமை மட்டும் போதும்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் பொருளாளர் கோயில் கொடை விழாப் பந்தலுக்கான தொகையைப் பதிவு செய்தால், பாளையங்கோட்டையில் இருக்கும் தலைவர் பெறுநரின் பெயரையும் கணக்கு எண்ணையும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே பணம் போகும். ஒருவருடைய கடவுச்சொல் மட்டும் களவு போனால் தொகை வெளியேறாது. யார், எப்போது ஒப்புதல் அளித்தார் என்பதும் பதிவாகிவிடுவதால் தணிக்கையின்போது விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கோயில் வரி கொடுத்த ஊராருக்கு இந்தக் கவனம் நாம் ஆற்ற வேண்டிய கடமை என்றே கருதுகிறேன்.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டியிருந்ததால், உள்நுழையும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறங்காவலர் ஒருவரே உள்ள அறக்கட்டளைக்கு இம்முறை பொருந்தாது. இருவருக்குமான ஓடிபி ஒரே கைப்பேசிக்கு வருமாறு பதிந்திருந்தாலும் பயனில்லை.