லாய்க்கர்பாட் போகிறீர்களா? மாதம் பார்த்துப் போங்கள்

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், 1,411 மீட்டர் உயரத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர் இது. ஊற்றுநீர் 51 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். ஆறவைத்துத்தான் குளங்களில் விடுகிறார்கள்.

இரண்டு இரவு போதும். சூரிக்கிலிருந்து ரயிலில் விஸ்ப், அங்கே மாறி லாய்க், பிறகு அரை மணி நேர பஸ்.

தேதியை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். கெம்மி கணவாய்க்குப் போகும் கேபிள் காரை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்துவார்கள். அது ஓடாவிட்டால் பாதிப் பயணம் வீண். மேலே டௌபன் ஏரியைச் சுற்றி நடக்கும் அந்தக் காலைப்பொழுதுக்காகவே இந்த ஊருக்குப் போகலாம்!

குளியலை மாலைக்கு வையுங்கள். நடந்து அலுத்த காலுக்கு அவ்வளவு இதம். நீச்சலுடை கட்டாயம், துண்டும் எடுத்துப்போங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.